பழைய சுயமுன்னேற்ற நூல்களிலிருந்து டைரி, முகாம், ஆடியோ உருவாக்குவது எப்படி?

இலக்கு டைரி, வார இறுதி முகாம், காலை ஆடியோ, பழக்க அட்டை என்று எதைச் செய்து விற்க நினைத்தாலும் முதலில் பழைய நூல்களைப் படித்துவிடுங்கள். இன்று விற்கும் சுயமுன்னேற்றச் சரக்கில் பெரும்பகுதி அவற்றில் உள்ள பயிற்சிகள்தான், பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வருகின்றன. மூலத்தைப் படித்தவருக்கு எது பயிற்சி, எது வெறும் உற்சாகப் பேச்சு என்று பிரிக்கத் தெரிந்துவிடும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இருந்துகொண்டு இந்தத் தொழிலில் இறங்குகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு.

வாசகர் படிப்பதுபோல் படித்தால் பயன் இல்லை. அவருக்கு மனம் நிறைந்தால் போதும். பொருள் செய்பவர் தேட வேண்டியது வேறு: நாளைக் காலை எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், என்ன செய்யச் சொல்கிறது இந்தப் பக்கம்? இதற்குப் பதில் இல்லாத பக்கம் எத்தனை அழகாக இருந்தாலும் டைரிக்குள் நுழையக் கூடாது.

படிக்கும் வரிசை

இந்த வகைக்கே பெயர் கொடுத்தது சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859-இல் வெளியிட்ட 'செல்ஃப் ஹெல்ப்'. ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். உழைத்து உயர்ந்தவர்களின் வாழ்க்கைக் கதைகளாக அடுக்கிய நூல் அது. செய்து பார்க்க ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. இரண்டு அத்தியாயம் படித்து, இந்த எழுத்துமுறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் பெஞ்சமின் பிராங்க்ளினின் சுயசரிதை. அதில் நற்குணப் பயிற்சி பற்றிய பகுதி சில பக்கங்கள்தான், ஆனால் பழக்க டைரி என்று இன்று விற்கும் எல்லாவற்றுக்கும் வேர் அங்கே இருக்கிறது. அடுத்து ஆர்னால்ட் பென்னட் ஒரு நாளின் 24 மணி நேரத்தைப் பற்றி எழுதிய சிறு நூல் ('ஹவ் டு லிவ் ஆன் 24 அவர்ஸ் எ டே'). பிறகு ஜார்ஜ் கிளேசனின் பாபிலோன் கதைகள், 1926. நான்காவதாக டேல் கார்னகி கவலையைப் பற்றி 1948-இல் எழுதியது ('ஹவ் டு ஸ்டாப் வொரியிங் அண்ட் ஸ்டார்ட் லிவிங்'). நண்பர்களைப் பற்றிய அவருடைய 1936 நூலைவிட ('ஹவ் டு வின் ஃபிரண்ட்ஸ்') இதில்தான் தாளில் எழுதிச் செய்யும் பயிற்சி அதிகம். ஜேம்ஸ் ஆலனின் 1903 நூலையும் ('ஆஸ் எ மேன் திங்கெத்') நெப்போலியன் ஹில்லின் 1937 நூலையும் ('திங்க் அண்ட் குரோ ரிச்') கடைசியில் வையுங்கள். இவை இரண்டும் வாசகரை எளிதில் மயக்கும். முதல் நான்கைப் படித்துக் கண் பழகிய பிறகு தொட்டால்தான் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியும்.

தமிழில் இரண்டு சேர்க்க வேண்டும். வ.உ.சிதம்பரம் பிள்ளை ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கினார்: மனம்போல் வாழ்வு, அகமே புறம், வலிமைக்கு மார்க்கம், சாந்திக்கு மார்க்கம். முதல் நூலை அவர் மொழிபெயர்த்தது சிறையில் இருந்தபோது. ஆங்கிலத்தில் படித்துவிட்டு அவர் தமிழைப் படித்தால், இந்தச் சிந்தனை நம் மொழியில் எந்தச் சொல்லில் உட்காரும் என்று பிடிபடும். இன்னொன்று திருக்குறள். முழுவதும் வேண்டாம். 60 முதல் 63 வரையுள்ள நான்கு அதிகாரங்கள் (ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை), பிறகு 67, 68 (வினைத்திட்பம், வினைசெயல்வகை). ஆறு அதிகாரம், 60 குறள்.

மூன்று வாசிப்பு, ஒரு அட்டை

முதல் வாசிப்பை நிறுத்தாமல் முடியுங்கள். கையில் பென்சில் மட்டும். ஓரத்தில் மூன்றே குறி: பயிற்சி என்றால் 'ப', கதை என்றால் 'க', வாக்குறுதி என்றால் 'வா'. முடித்ததும் எண்ணிப் பாருங்கள். 'க'வும் 'வா'வும் நிறைந்து 'ப' நான்கைந்துகூடத் தேறாத நூல்கள் நிறைய. அது குறை என்று சொல்லவில்லை, உங்களுக்கு அங்கே வேலை குறைவு, அவ்வளவுதான்.

இரண்டாம் வாசிப்பில் 'ப' உள்ள பக்கங்களை மட்டும் திறந்து, ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு அட்டை எழுதுங்கள். ஐந்துக்கு மூன்று அங்குல அட்டை போதும். அதில் ஆறு வரி: என்ன செய்வது, எப்போது, எத்தனை நிமிடம், எத்தனை நாள், எதை அளப்பது, யாருக்கு ஒத்துவராது. கடைசி வரியைத்தான் எல்லோரும் காலியாக விடுவார்கள். அந்த வரி காலியாக இருக்கும் அட்டையைப் பொருளாக்காதீர்கள். வாங்கியவர் புகார் சொல்லும்போதுதான் அதற்கு விடை தெரியவரும், அப்போது அச்சடித்த பிரதி கையில் தேங்கியிருக்கும்.

மூன்றாவது 'வாசிப்பு' என்பது அட்டையில் உள்ளதைச் செய்வது. 'சொல்லுதல் யார்க்கும் எளிய' என்று தொடங்கும் 664-ஆம் குறளை இந்தத் தொழிலில் உள்ளவர்கள் மேசைமேல் ஒட்டிவைக்கலாம். தானே மூன்று வாரம் செய்து பார்க்காத பயிற்சிக்கு எழுதும் விளக்கம் உடனே தெரிந்துவிடும்: 'தினமும் கடைப்பிடியுங்கள்' என்று இருக்கும். செய்து பார்த்தவர் 'படுக்கப் போகுமுன், பல் துலக்கியதும், விளக்கணைப்பதற்கு முன்' என்று எழுதுவார்.

பிராங்க்ளின் பக்கம்

அவர் செய்தது இது. 13 குணங்களைப் பட்டியலிட்டார். முதலில் 12-தான் இருந்தன. கர்வம் அதிகம் என்று நண்பர் ஒருவர் சொன்னதால் பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. சிறு நோட்டில் குணத்துக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் வாரநாட்களுக்கு ஏழு நெடுங்கட்டம், 13 குணங்களுக்கு 13 வரிசை. தவறிய நாளில் அந்தக் கட்டத்தில் கரும்புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் முழுக் கவனம், மற்றவை அதன் போக்கில். 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று: 52 வாரமும் கச்சிதமாக அடங்குகிறது. மூன்று மாத டைரி ஏன் இத்தனை வசதியாக விற்கிறது என்றால் கணக்கு இதுதான்.

அவருக்கு என்ன சிக்கல் வந்தது என்பதையும் எழுதிவைத்திருக்கிறார். புதுச் சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டை விழுந்தது. பிறகு தந்தத் தகடுகளில் சிவப்பு மையால் நிலையான கோடு போட்டுக்கொண்டு, பென்சிலால் குறித்து, ஈரப் பஞ்சால் துடைத்தார். இருநூறு ஆண்டு கழித்து நீங்கள் டைரி அச்சடிக்கும்போதும் பாடம் அதேதான்: அழித்து எழுத வேண்டிய பக்கம் என்றால் தாள் தடிமனாக இருக்க வேண்டும், அல்லது பக்கம் திரும்பப் பயன்படாதபடி ஒவ்வொரு வாரத்துக்கும் புதிதாக இருக்க வேண்டும்.

ஏ5 அளவில் இதை அமைப்பது இப்படி. பக்கம் 148 × 210 மி.மீ. நாலு புறமும் 15 மி.மீ. ஓரம் விட்டால் 118 × 180 கிடைக்கும். அகலத்தில் குணத்தின் பெயருக்கு 34, ஏழு கட்டத்துக்குத் தலா 12. தமிழ்ச் சொல் நீளம். 34-க்குக் கீழே போனால் 'சிக்கனம்' நிற்கும், 'நேரந்தவறாமை' உடையும். உயரத்தில் தலைப்புக்கு 20, நாள் பெயர்களுக்கு 8, 13 வரிசைக்குத் தலா 10, மீதி 22 மி.மீ. அடியில் இரண்டு கேள்விக்கு. அந்தக் கேள்விகளும் பிராங்க்ளினுடையவையே: இன்று என்ன நல்லது செய்யப் போகிறேன் என்று காலையில், என்ன நல்லது செய்தேன் என்று இரவில். ஒயரோ (கம்பி வளைய) பைண்டிங் என்றால் உள் ஓரத்துக்கு 5 மி.மீ. கூடுதலாக வேண்டும், கட்டத்தை 11 ஆக்கிவிடுங்கள்.

வாரத்துக்கு நான்கு பக்கம் வைத்தால் 13 வாரத்துக்கு 52. முன்னுரை, செய்முறை, கடைசிக் குறிப்புக்கு 12. மொத்தம் 64, அதாவது 16 பக்க ஃபாரம் (ஒரே அச்சுத் தாளை மடித்து வரும் கட்டு) நான்கு. இந்தத் தடிமன்வரை நடுப்பின் தாங்கும், டைரியும் மேசைமேல் நன்றாக விரியும். பக்கம் இதைவிடக் கூடினால் தையல் பைண்டிங்குக்குப் போங்கள். முதுகில் பசை மட்டும் போட்ட டைரி விரிந்து நிற்காது. ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டிய டைரியை யாரும் இரண்டாம் முறை வாங்குவதில்லை. தாள் 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ எழுத்துத் தாளுக்குக் குறையக் கூடாது.

மலையில் இன்னொரு சிக்கல் ஈரம். கோவையிலோ சிவகாசியிலோ அடித்து ஆடி மாதத்தில் மேலே வரும் கட்டு, உடனே பிரித்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஓரம் அலையலையாகிவிடும். காகித உறையோடு ஒரு நாள் உலர்ந்த அறையில் வைத்துவிட்டுப் பிரியுங்கள். தரையிலும் சுவரை ஒட்டியும் அடுக்காதீர்கள், மரப்பலகைமேல் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஈரத்தாளில் ஜெல் பேனா மை பரவும். டைரியோடு ஒரு பென்சிலும் கொடுங்கள்.

இந்த பிராங்க்ளின் பக்கம் வாங்கியவரிடம் ஏன் தோற்கிறது? 13 வரிசையிலும் புள்ளி வைக்கத் தொடங்கினால் இரண்டாம் வாரத்தில் பக்கம் முழுக்கக் கறுப்பு. தினமும் இரவில் தன் தோல்விப் பட்டியலைப் பார்க்க யாருக்கு மனம் வரும்? தீர்வு எளிது. முதல் நான்கு வாரம் அந்தந்த வாரத்தின் ஒரே வரிசையை மட்டும் அச்சிடுங்கள், ஐந்தாம் வாரத்திலிருந்து முழுக் கட்டம். மேலும், 13-இல் பத்தை நீங்கள் அச்சிட்டு மூன்றைக் காலியாக விடுங்கள். தானே எழுதிய சொல்லுக்கு வாங்கியவர் கூடுதல் மரியாதை கொடுப்பார்.

மலைக்கு மாற்ற வேண்டியவை

பென்னட் எழுதியது லண்டனில் ரயிலேறி அலுவலகம் போகும் குமாஸ்தாவுக்கு. காலை ரயிலில் அரைமணி மனத்தை ஒன்றில் நிறுத்துவது, வாரம் ஆறு நாள். மாலையில் ஒன்றரை மணி நேரப் படிப்பு, வாரம் மூன்று நாள். கூட்டினால் ஏழரை மணி நேரம். இதை அப்படியே தமிழில் போட்டு குந்தாவிலோ கோத்தகிரியிலோ ஒரு சிறு தேயிலை விவசாயியிடம் கொடுத்தால் முதல் வாரமே மூடிவைத்துவிடுவார். இலை எடுக்கும் நாளில் மாலை அவருக்குச் சொந்தமில்லை: எடை போட வேண்டும், வண்டி வர வேண்டும். ஹோம்ஸ்டே நடத்துபவருக்கோ வெள்ளி முதல் ஞாயிறுவரை இல்லவே இல்லை. ஆகவே கிழமை அச்சிடாதீர்கள். 'இந்த வாரம் நான் எடுத்துக்கொள்ளும் மூன்று நேரம்' என்று மூன்று காலிக் கோடு விடுங்கள். பென்னட்டிடமிருந்து மாற்றாமல் எடுக்க வேண்டியது வேறொன்று: சிறிதாகத் தொடங்கு, முதல் முயற்சி தோற்றால் தன்மேல் உள்ள நம்பிக்கையே போய்விடும் என்ற எச்சரிக்கை. முதல் வாரப் பக்கத்தில் பத்து நிமிட வேலைக்கு மேல் வைக்காதீர்கள்.

கிளேசனின் விதி பத்தில் ஒன்றைத் தனக்கு எடுத்து வைப்பது. மாதச் சம்பளக்காரருக்கு இது நேர்க்கணக்கு. மலையில் வருமானம் அப்படி வருவதில்லை. பச்சைத் தேயிலை விலை மாதத்துக்கு மாதம் மாறும், ஃபாக்டரியில் வாங்கிய முன்பணம் கழிந்துதான் கைக்கு வரும். கேரட், உருளைக்கிழங்கு போட்டவருக்கு மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து மொத்தமாக ஒரு தொகை, பிறகு பல வாரம் ஒன்றுமில்லை. அவருடைய டைரியில் 'மாத வருமானம்' என்ற கட்டமே தவறு. 'ரசீது தேதி, கழிவு போகக் கையில் வந்தது, அதில் பத்தில் ஒன்று, எங்கே வைத்தேன்' என்று நான்கு கட்டம் போடுங்கள். ரசீது வரும்போது மட்டும் நிரப்பட்டும். கந்துக் கடன் உள்ளவருக்கு முதலில் கடனா, சேமிப்பா என்று குழப்பம் வரும். கிளேசனே ஒரு கதையில் ஏழு பங்கு செலவுக்கு, இரண்டு கடனுக்கு, ஒன்று சேமிப்புக்கு என்று பிரிக்கிறார். அந்தப் பிரிவைத் தனிப் பக்கமாக வைக்கலாம்.

ஜேம்ஸ் ஆலனின் 1903 நூலில் ஏழு சிறு அத்தியாயங்கள். ஏழு நாள் ஆடியோவாக உடனே பிரித்துவிடத் தோன்றும். பிரிக்குமுன் இரண்டாம் அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். மனிதனின் சூழ்நிலை அவன் எண்ணத்தின் விளைவு என்கிறது அது. எஸ்டேட் லைன் வீட்டில் இருந்துகொண்டு நிர்ணயித்த கூலிக்கு வேலை பார்ப்பவரின் காதில் இதைப் போடுவது அவர் வறுமைக்கு அவரையே குற்றவாளியாக்குவது. நோக்கம் பற்றிய நான்காம் அத்தியாயத்தையும் மன அமைதி பற்றிய ஏழாவதையும் எடுங்கள். அவை போதும், அவைதான் அந்த நூலின் நல்ல பகுதியும்.

ஹில்லிடமிருந்து எடுக்கத் தக்கது தொகையையும் தேதியையும் எழுதி, அதற்கு ஈடாக என்ன கொடுப்பேன் என்றும் எழுதுவது. மூன்றாவதை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் விற்பவர்கள் அதிகம். அப்போது அது நேர்த்திக்கடன் சீட்டாகிவிடுகிறது. அவர் கதைகளில் வருவோர் எல்லாரும் வென்றவர்கள், அதே முறையில் முயன்று தோற்றவர்கள் நூலுக்குள் வரவில்லை. ஆண்ட்ரூ கார்னகிதான் தன்னை இந்த ஆய்வுக்கு அனுப்பினார் என்று ஹில் சொல்வதற்கும் அவர் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அந்தக் கதையை உங்கள் விளம்பரத்தில் உண்மையாக எழுதாதீர்கள்.

டேல் கார்னகியின் கவலைத் தாளை மாற்ற வேண்டியதே இல்லை. நான்கு கேள்வி: எதைப் பற்றிக் கவலைப்படுகிறேன், என்னென்ன செய்யலாம், அதில் எதைச் செய்யப் போகிறேன், எப்போது தொடங்குவேன். ஒரு பக்கத்தில் நான்கு சம பெட்டி போடாதீர்கள். இரண்டாவதற்குப் பாதிப் பக்கம் வேண்டும்.

குறளிலிருந்து ஒரு பக்கம் கட்டாயம் செய்யுங்கள். 'பொருள்கருவி காலம் வினையிடனொடு ஐந்தும் இருள்தீர எண்ணிச் செயல்' (675). வெளிநாட்டு பிசினஸ் பிளானர் எதிலும் இத்தனை சுருக்கமான திட்டத்தாள் பார்க்க முடியாது. ஐந்து பெட்டி. குன்னூரில் வீட்டுச் சாக்லேட் தொடங்குபவர் நிரப்பினால்: பொருள் என்பதில் கையில் உள்ள முதல், கருவியில் உருக்கும் பாத்திரம், அச்சு, தராசு, காலத்தில் ஏப்ரல்-மே சீசனுக்கு முன் பிப்ரவரியிலேயே தயாராக வேண்டும் என்பது, வினையில் எந்த மூன்று வகை மட்டும், இடத்தில் எந்தக் கடை, எந்த ஹோம்ஸ்டே. 'இருள்தீர' என்பதற்கு அடியில் ஒரு கோடு விடுங்கள்: இன்னும் எனக்குத் தெரியாதது என்ன?

யாருடைய எழுத்தை எடுக்கலாம்

கருத்துக்கு உரிமை கிடையாது, எழுதிய விதத்துக்கு உண்டு. இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. ஆலன் இறந்தது 1912, பென்னட் 1931, வ.உ.சி. 1936, டேல் கார்னகி 1955, கிளேசன் 1957: இவர்கள் எழுத்து இங்கே பொதுவுடைமை. ஹில் இறந்தது 1970, ஆகவே 2030 டிசம்பர் முடிய அவர் வாக்கியங்களை எடுக்க முடியாது. பயிற்சியை உங்கள் சொற்களில் எழுதலாம்.

பொறிகள் மூன்று. கார்னகி நூல்களின் பிற்காலத் திருத்தப் பதிப்பில் பிறர் சேர்த்த பகுதிக்குத் தனி உரிமை உண்டு, பழைய பதிப்பைத் தேடி எடுங்கள். கடையில் விற்கும் தமிழ் மொழிபெயர்ப்பு மொழிபெயர்ப்பாளருடையது. மூலம் பொதுவுடைமை என்பதற்காக அதை நகல் எடுக்க முடியாது. குறள் உரைக்கும் இதேதான், உரையாசிரியர் யார் என்று பாருங்கள். மூன்றாவது, மின்னூலாக உலகம் முழுக்க விற்பவர்களுக்கு: அமெரிக்காவில் கணக்கு வேறு, கார்னகியின் 1936 நூல் அங்கே 2031 முடியக் காப்பில் இருக்கிறது.

சோதனையும் முகாமும்

அச்சுக்கு முன் பத்துப் பேருக்கு ஜெராக்ஸ் பிரதி கொடுத்து மூன்று வாரம் ஓட்டுங்கள். உறவினர் வேண்டாம், நல்லது என்றே சொல்வார்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள். தாளைத் திரும்ப வாங்கி, எந்தப் பக்கத்தோடு எழுத்து நிற்கிறது என்று பாருங்கள். நாலைந்து பேர் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அந்தப் பக்கத்தில் கோளாறு. ஆளாளுக்கு வெவ்வேறு இடம் என்றால் பயிற்சி நீளம், சுருக்குங்கள். படுகர்களின் மொழியான படுகு பேசும் வீடுகளிலும் ஒன்றிரண்டு பிரதி போகட்டும். செய்முறையில் எழுத்துத் தமிழ் எங்கே தடுக்குகிறது என்று அங்கேதான் தெரியும்.

முகாமுக்கு 12 பேர் அளவு. ஜனவரி முதல் மார்ச்வரை நல்ல காலம். சீசனில் அறை வாடகையே உங்கள் லாபத்தைத் தின்றுவிடும், மழையில் மலைப்பாதையை நம்ப முடியாது. கீழிருந்து சொந்த, வாடகை வண்டிகளில் வருபவர்களுக்கு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்பதைப் பதிவுச் சீட்டிலேயே எழுதுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது. குடத்திலோ கேனிலோ தண்ணீர், ஆளுக்கு ஒரு ஸ்டீல் டம்ளர், துணிப்பையில் தாள்கள். வளைவு ஏறி வந்த அன்று மதியம் தலைசுற்றலோடு இருப்பவர்களிடம் வாழ்க்கை இலக்கை எழுதச் சொல்லாதீர்கள். முதல் நாள் மாலை கார்னகியின் கவலைத் தாள் மட்டும், மறுநாள் காலை குறள் பக்கம், மதியத்துக்குள் பிராங்க்ளின் கட்டம். ஒரு அமர்வு 40 நிமிடம். புரொஜெக்டரை நம்பாமல் எல்லாவற்றையும் தாளில் வையுங்கள், கரண்ட் போனாலும் முகாம் நடக்கும்.

விலை போடுமுன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை. அச்சிட்ட நூலும் காலிப் பக்க டைரியும் ஜி.எஸ்.டி.யில் ஒரே இடத்தில் வருவதில்லை. பயிற்சி வகுப்பு சேவை. சேவையும் தருபவருக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம்.

அட்டையிலும் விளம்பரத்திலும் 'வா' குறி போட்ட வரிகளை எழுதாதீர்கள். '90 நாளில் வருமானம் இரட்டிப்பு' என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம்வரை அபராதம் உண்டு. தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வாக்கியத்தால் மனத்தை மாற்றலாம் என்ற பிரெஞ்சுக்காரர் எமில் கூவேயின் முறையைப் பின்பற்றி, காலையிலும் இரவிலும் ஒரு வாக்கியத்தை 20 முறை சொல்லும் ஆடியோ செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: நோய் தீரும் என்று ஒரு சொல் வந்தாலும் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டத்தின் பக்கம் போய்விடும். 'தினம் பத்து நிமிடம், 13 வாரம், பென்சிலோடு' என்று பொருளில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். டைரியின் கடைசிப் பக்கத்தில், ஆடியோவின் விளக்கக் குறிப்பில், தூக்கமின்மையும் மனச்சோர்வும் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்கும்படி ஒரு வரியும், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416-உம் அச்சிடுங்கள். எழுத்து 11 புள்ளிக்குக் குறையாமல்.